கயிறு மாறிய பிறகு

"காசுக்கு ஒரு குதிரையும் வேண்டும், அது காற்றாய்ப் பறக்கவும் வேண்டும்" என்று ஒரு பழமொழி உண்டு. கையில் காசில்லாதவனின் ஆசையைக் கேலி செய்வதற்காகச் சொல்வது. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் வேறு ஒரு கேள்வி எழும். காசும் நிறைய இருந்து, காற்றாய்ப் பறக்கும் குதிரையும் கிடைத்துவிட்டால் என்ன ஆகும்? அதில் ஏறப் போகிறவருக்கு வயது என்ன? அவருக்கு முடியாமல் போனால் குதிரையை யார் பார்ப்பார்கள்? பழமொழி அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் நம் சரித்திரத்தில் அதற்குப் பதில் இருக்கிறது.

பட்டுத் தறியும் கோயிலும் நிறைந்த பெரிய காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு குதிரையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நிறையவே இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் வருகிறது. அங்கே வந்து நிற்கும் கப்பல்களில் வடநாட்டுப் பண்டங்களோடு வெண்மையான பிடரி மயிர் கொண்ட குதிரைகளும் வந்து இறங்கியதாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்கிறார். அவரே பாடிய பட்டினப்பாலையிலும் காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியே குதிரை வந்த செய்தி இருக்கிறது. அப்படியானால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாம் குதிரையை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். யானை நம் காட்டில் கிடைத்தது, மாடு நம் வீட்டில் பிறந்தது. உயர்ந்த குதிரையை மட்டும் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆகவே நம் நாட்டில் குதிரையின் சரித்திரம் என்பது பெரும்பாலும் குதிரை வாங்கியவர்களின் சரித்திரம்தான்.

கயிறு மாறுதல்

மாணிக்கவாசகர் கதை எல்லோருக்கும் தெரியும். அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சராக இருந்த வாதவூரர், குதிரை வாங்கக் கொண்டுபோன பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டுவிட்டார். பிறகு சிவபெருமானே குதிரைச் சேவகனாக வந்து, நரிகளைப் பரிகளாக்கி மதுரையில் ஒப்படைத்தார். இரவானதும் பரிகள் மறுபடி நரிகளாகி ஊளையிட்டன.

இந்தக் கதையில் நான் கவனிக்கும் இடம் வேறு. குதிரையை ஒப்படைக்கும்போது "கயிறு மாறுதல்" என்று ஒரு வழக்கம் வருகிறது. விற்பவர் கையில் இருக்கும் கயிறு வாங்குபவர் கைக்கு மாறும். மாறிய பிறகு குதிரைக்கு எது வந்தாலும் வாங்கியவர் பொறுப்பு. விற்றவரிடம் போய்க் கேட்க முடியாது. மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. கதை சொன்னவர்கள் சந்தையின் வழக்கத்தை நன்றாக அறிந்திருக்கிறார்கள். பாண்டியனுக்கு நஷ்டம் வந்தது கயிறு மாறிய பிறகுதான்.

கதையை விட்டுவிட்டு உண்மையான பாண்டியர்களைப் பார்த்தால், நஷ்டம் இன்னும் பெரிது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகள் வாங்குகிறார், அவருடைய சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள் என்று எழுதினார். ஆண்டு முடிவில் நூறு குதிரைகூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். ஹோர்முஸ், ஏடன் போன்ற இடங்களிலிருந்து வந்த வியாபாரிகள் குதிரையைக் கொடுத்தார்களே தவிர, குதிரை வைத்தியம் தெரிந்தவர்களைக் கூட வரவிடவில்லை என்பது அவர் சொல்லும் காரணம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த ஆண்டு வியாபாரம் ஏது? நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெண் குதிரையையும் சேர்த்தாலும் இங்கே பிறக்கும் குட்டி கால் கோணி, ஏறி ஓட்ட உதவாததாக இருக்கிறது என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

அதே காலத்தைப் பற்றி எழுதிய பாரசீக ஆசிரியர் வஸ்ஸாப் கணக்கோடு சொல்கிறார். ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள், ஒவ்வொன்றுக்கும் 220 பொன் தினார். வழியில் கடலிலேயே செத்துப்போன குதிரைக்கும் அதே விலை. அதாவது, கயிறு மாறுவதற்கு முன்பே நஷ்டம் வாங்குபவர் தலையில்! வந்த குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் கலந்த தானியமும் தின்னக் கொடுத்தார்கள், காய்ச்சிய பசும்பால் குடிக்கக் கொடுத்தார்கள் என்கிறார். முளையில் கட்டியே வைத்திருந்ததால் நல்ல குதிரைகளும் சில நாளில் சோர்ந்து மந்தமாகிவிட்டன என்றும் சொல்கிறார்.

இங்கே யாரும் குதிரையைக் கொடுமைப்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். நெய்யும் பாலுமாகத்தான் ஊட்டினார்கள். நமக்குப் பிரியமானதை அதற்குக் கொடுத்தோம். அதற்கு வேண்டியது என்ன என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லை. அவ்வளவுதான்.

நம் ஊருக்கு வந்த குதிரைகள்

அடுத்த கதை நம் ஊரையே தொட்டது. 1481-ல் பாமினி சுல்தான் மூன்றாம் முகமது ஷா காஞ்சிபுரத்தின் மேல் படையெடுத்தார். தேர்ந்தெடுத்த ஆறாயிரம் குதிரை வீரர்களோடு, மற்ற படைகளைப் பின்னால் விட்டுவிட்டு இரவு பகலாக வந்தார் என்று பெரிஷ்டா எழுதுகிறார். கடைசி நாளில் அவருடைய வேகத்துக்கு ஈடுகொடுத்துக் கூடவே வந்து சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. அப்போது சுல்தானுக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. இளைஞனும் நல்ல குதிரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நம் ஊர்க் கோயில்கள் அன்று அனுபவித்தன. கொள்ளை போனது எவ்வளவு என்பதற்குக் கணக்கில்லை.

அந்தக் காலத்தில் இந்தப் பகுதியைச் சந்திரகிரியிலிருந்து காத்து வந்தவர் சாளுவ நரசிம்மர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் படைகளை நடத்திய பிறகு, 1485-ல் விஜயநகர அரியணையில் ஏறினார். இளம் பருவம் கடந்து அரசரானவர் என்றே சொல்லவேண்டும். அரசரானதும் அவர் கவனம் செலுத்தியவற்றில் ஒன்று குதிரை. போர்த்துக்கீசியரான பெர்னாவ் நூனிஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். அவரே விஜயநகரத்தில் தங்கியிருந்த குதிரை வியாபாரி. ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை வரவழைத்து, ஆயிரம் பர்தாவ் பொன்னுக்கு மூன்று என்று நரசிம்மர் வாங்கினார் என்கிறார். உயிரோடு வந்தாலும் செத்து வந்தாலும் அதே விலை. கடலில் செத்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், முழு விலையும் கிடைத்துவிடும்.

வாலுக்கு விலை கொடுத்த ராஜா என்று சிரிப்பு வரலாம். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கண் முன்னே காஞ்சிபுரத்துக்குக் குதிரைப் படை வந்துபோனதைக் கண்டவர் அவர். காலம் அதிகம் இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். வியாபாரி நஷ்டத்துக்குப் பயந்து வராமல் இருந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பயத்தைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டார். 1491-ல் அவர் காலமானார். அவருடைய குலம் அரியணையில் நீடிக்கவில்லை. வாங்கிக் குவித்த குதிரைகள் அவருடைய தளபதி நரச நாயக்கரிடம் போய், பிறகு அவருடைய மகன் கிருஷ்ணதேவராயர் காலத்துப் பெரும்படையாயின. நம் ஏகாம்பரநாதர் கோயிலின் 192 அடி ராஜகோபுரம் அந்தக் கிருஷ்ணதேவராயர் 1509-ல் கட்டியது. ஒருவர் வாங்கிய குதிரையில் இன்னொருவர் ஏறினார். அதில் ஒன்றும் தவறில்லை. பெரியவர் வாங்கும் இளங்குதிரைக்கு அதுதான் இயல்பான வழி.

ராமராயர் ஏறாத குதிரை

அந்த வழியை மறந்தவர் ராமராயர். கிருஷ்ணதேவராயரின் மருமகன். அரியணையில் சதாசிவராயர் இருந்தாலும் ஆட்சி முழுவதும் ராமராயர் கையில். 1547-ல் கோவாவின் போர்த்துக்கீசிய ஆளுநரோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அரபு, பாரசீக நாடுகளிலிருந்து கோவாவில் இறங்கும் குதிரைகளை எல்லாம் விஜயநகரமே வாங்கிக்கொள்ளும், பீஜப்பூருக்கு ஒன்றும் போகக் கூடாது என்பது அதன் முக்கியமான நிபந்தனை. இந்தியாவில் குதிரை வாங்கியவர்களில் இவ்வளவு பெரிய ஏற்பாடு செய்தவர் வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பதினெட்டு ஆண்டு கழித்து, 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போர். ராமராயருக்கு அப்போது எண்பது வயது என்கிறார் பெரிஷ்டா. போர்த்துக்கீசிய ஆசிரியர் கூட்டோ தொண்ணூற்றாறு என்கிறார். எண்பது என்றே வைத்துக்கொள்வோம். போர்க்களத்துக்குப் பல்லக்கில் வந்தார். குதிரையில் ஏறிக்கொள்ளுங்கள், அதுதான் பாதுகாப்பு என்று கூட இருந்தவர்கள் கெஞ்சினார்கள். அவர் கேட்கவில்லை. எதிரிகளைப் பிள்ளைகள் என்று நினைத்தார். களம் கலைந்தபோது ஒரு யானை பல்லக்கை நோக்கி ஓடிவந்தது. தூக்கியவர்கள் பல்லக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்கள். முதியவர் பிடிபட்டார், தலை போயிற்று. அதன் பின் விஜயநகர நகரத்துக்கு என்ன ஆயிற்று என்பதை ஹம்பிக்குப் போய்வந்தவர்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள்.

எண்பது வயதில் குதிரை ஏறவில்லை என்று யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. நம்மில் எத்தனை பேர் எழுபதில் சைக்கிள் ஏறுகிறோம்? அவருடைய பிழை வேறு. கோவாவின் குதிரைகளை எல்லாம் தன் பக்கம் திருப்பியவர், அன்றைக்குப் படையின் கடிவாளத்தையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அவருடைய தம்பிகள் திருமலையும் வேங்கடாத்திரியும் களத்தின் இரு பக்கங்களில் நின்றார்கள். ஆனால் ஒரு பல்லக்கு விழுந்ததும் படையே கலைந்தது.

புள்ளலூரில் ஓர் அப்பாவும் பிள்ளையும்

இதற்கு நேர் எதிரான ஒன்று நம் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்தது. 1780-ல் ஹைதர் அலி பெரும் குதிரைப் படையோடு கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. வாழ்நாள் எல்லாம் குதிரை மேல் இருந்தவர். கர்னல் பெய்லியின் படை காஞ்சிபுரத்தில் இருந்த மன்ரோவின் படையோடு சேர வந்துகொண்டிருந்தது. அதை வழிமறிக்கும் பொறுப்பை ஹைதர் தானே எடுத்துக்கொள்ளவில்லை. சுமார் முப்பது வயதான மகன் திப்புவிடம் படையைப் பிரித்துக் கொடுத்து அனுப்பினார். தான் மன்ரோவைக் கவனித்தபடி இருந்தார். சரியான சமயத்தில் வந்து மகனோடு சேர்ந்தார். செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது. சில மைல் தூரத்தில் இருந்த மன்ரோ, பெரிய பீரங்கிகளை நம் ஊர்க் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்.

அந்தப் படைகளால் நம் ஊர்ச் சுற்றுவட்டாரம் பட்ட துன்பத்தை நான் மறைக்கவில்லை. வைக்கோல் போர்கூட மிஞ்சாத காலம் அது. இங்கே சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அறுபது வயதுக் குதிரைக்காரர், எந்தக் குதிரையை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தார். இரண்டு ஆண்டில் ராஜபிளவையால் ஹைதர் இறந்தபோதும் படை கலையவில்லை.

செஞ்சி தேசிங்கு ராஜன் கதையிலும் இதே விஷயம் வேறு விதமாக வருகிறது. டில்லி பாதுஷாவிடம் யாருக்கும் அடங்காத ஒரு குதிரை, பாராசாரி. அதை அடக்க முடியாமல் தேசிங்கின் தகப்பனார் சிறைப்பட்டார். மகன் டில்லிக்குப் போய்க் குதிரையை அடக்கி, அப்பாவையும் மீட்டு, குதிரையையும் பரிசாகப் பெற்று வந்தான். இது நாட்டுப்புறக் கதை. சரித்திரத்தில் தகப்பனார் பெயர் சொரூப் சிங், மகன் தேஜ் சிங். 1714-ல் தகப்பனார் வயதாகி இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு நடந்த போரில் மகனும் இறந்தான். வயது 22. மக்கள் மனதில் நிலைத்தது எது பாருங்கள். போரின் காரணமான கப்பப் பாக்கி நினைவில் இல்லை. அப்பாவால் முடியாத குதிரையைப் பிள்ளை அடக்கினான் என்பது நிலைத்துவிட்டது. தகப்பனுக்கு அடங்காத குதிரை பிள்ளைக்கு அடங்குவதை எந்தத் தகப்பனும் அவமானமாக நினைப்பதில்லை.

கிரேக்கப் பெரியவர் சொன்ன யோசனை

குதிரை வாங்குவது பற்றி உலகில் எழுதப்பட்ட பழைய நூல்களில் ஒன்று கிரேக்கத் தளபதி செனபோன் எழுதியது. ஏறத்தாழ 2,370 ஆண்டுகளுக்கு முன். அதை எழுதும்போது அவரே வயதானவர். குட்டிக் குதிரையை வாங்கும்போது முதலில் காலையும் குளம்பையும் பார் என்கிறார். அடித்தளம் சரியில்லாத வீடு எப்படியோ அப்படித்தான் பாதம் சரியில்லாத குதிரை என்பது அவர் கருத்து. பிறகு ஒரு முக்கியமான செய்தி. குட்டியைப் பழக்கும் வேலையில் பெரியவர்கள் தாமே இறங்க வேண்டாம் என்கிறார். அவர்களுக்குக் குடும்பம், நண்பர்கள், பொதுக் காரியம் என்று வேறு பொறுப்புகள் இருக்கின்றன. ஆகவே பிள்ளையைத் தொழில் கற்க விடுவதுபோல் குட்டியை ஒரு பழக்குநரிடம் விட வேண்டும். திரும்பி வரும்போது அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்த் தறிதான் நினைவுக்கு வந்தது. சிறுவனை ஒரு நெசவாளரிடம் விடுவார்கள். முதலில் கோர்வை வாங்க உதவியாக உட்காருவான். கரை போடுவது, பேட்டு, ஜரிகை என்று ஒவ்வொன்றாகக் கை பழகும். எடுத்த எடுப்பில் முகூர்த்தப் புடவையை யாரும் அவன் கையில் கொடுக்க மாட்டார்கள். இளங்குதிரையும் அப்படித்தான். அதற்குக் கெட்ட குணம் இல்லை. தெரியாததுதான் நிறைய. பக்கத்தில் ஒரு துணி காற்றில் படபடத்தால் மிரளும். இளைஞனாக இருந்தால் சேணத்திலிருந்து விழுந்து எழுந்துகொள்வான். அறுபத்தைந்தில் விழுந்தால் இடுப்பெலும்பு பொறுக்காது.

ஜட்கா நிற்கும் இடத்தில்

அரசர்கள் கதை போதும். நமக்கு நன்றாகத் தெரிந்த குதிரைக்கு வருவோம். எங்கள் தலைமுறைக்காரர்களுக்கு ஜட்கா வண்டி மறந்திருக்காது. ரயில் நிலையத்தில் இறங்கிய யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், அங்கிருந்து சின்ன காஞ்சிபுரம் என்று போகும். உள்ளே வைக்கோல் பரப்பி அதன் மேல் ஒரு சாக்கு. "பின்பாரம் ஆகுது, முன்னாடி தள்ளி உட்காருங்க சாமி" என்ற குரல். நாலு பேர் முன்னால் நகர்ந்தால் குதிரையின் முதுகில் பாரம் சரியாக விழும். அது குதிரைக்காக, நமக்காக அல்ல என்று சின்ன வயதில் புரியவில்லை.

ஜட்காக்காரர்களில் பலர் நடு வயது தாண்டியவர்கள். அவர்களுக்கு குதிரைதான் முதல். அது நொண்டினால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே மட்டக்குதிரை வாங்கும்போது பார்வை கூர்மையாக இருக்கும். முதலில் சுழி பார்ப்பார்கள். பிறகு வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள். சுழி நம்பிக்கை, பல் கணக்கு. குதிரைக்கு முன்பல்லில் நடு ஜோடி இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும். அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதன் பிறகு பல்லின் மேலுள்ள குழி தேய்வதை வைத்து ஆறு, ஏழு, எட்டு என்று சொல்வார்கள். பத்து வயதுக்கு மேல் மேல்வரிசை ஓரப் பல்லில் ஒரு கோடு இறங்க ஆரம்பிக்கும். வியாபாரி வயதைக் குறைத்துச் சொல்லலாம், பல் பொய் சொல்லாது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வயதான குதிரை விலை குறைவு, பழகியது, தெருவில் லாரி வந்தாலும் மிரளாது. ஆனால் நாலைந்து வருஷத்தில் ஓய்ந்துவிடும், மறுபடி பணம் புரட்ட வேண்டும். இளங்குதிரை விலை அதிகம், பழக்க வேண்டும், பழகிவிட்டால் பதினைந்து வருஷம் ஓடும். நாற்பது வயதுக்காரர் இளங்குதிரை வாங்கினார் என்றால் கணக்கு சரி. அறுபது வயதுக்காரர் வாங்கினால், வீட்டில் ஒரு மகனோ மருமகனோ வண்டிக்கு வரப் போகிறான் என்று அர்த்தம். வரவில்லை என்றால் "சண்டிக்குதிரை, நொண்டிச் சாரதி" என்ற பழமொழிதான். ஆட்டோ வந்தபின் எந்தப் பிள்ளையும் வண்டிக்கு வரவில்லை. நம் ஊரில் ஜட்கா அப்படித்தான் ஓய்ந்தது. குதிரை கிடைக்காமல் ஓயவில்லை, கயிற்றை வாங்கிக்கொள்ளக் கை இல்லாமல் ஓய்ந்தது.

வயதும் வயதும்

இதையெல்லாம் படித்துவிட்டு, வயதானவர்கள் குதிரைப் பக்கமே போகக் கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு குதிரையேற்றப் போட்டியில் கலந்துகொண்டார். வயது 71. முதலில் அவர் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது 1964-ல் டோக்கியோவில்! லண்டனில் அவர் ஏறிய 'விஸ்பர்' என்ற பெண் குதிரைக்கு 15 வயது. இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் 2020-ல், 94 வயதில், குதிரை மேல் போகும் படம் பத்திரிகைகளில் வந்தது. அவர் ஏறியிருந்தது உயரம் குறைந்த மட்டக்குதிரை, அதற்கு வயது 14. இரண்டு பேருமே வாழ்நாள் முழுவதும் குதிரையோடு இருந்தவர்கள். இரண்டு பேரும் ஏறியது உலகம் பார்த்த குதிரை.

நம் பொன்முடியார் இதை எப்போதோ சொல்லிவிட்டார். புறநானூற்றில் அவர் பாடல் ஒன்றில் இரண்டு வகைக் குதிரைகள் வருகின்றன. சின்ன ஊர்த் தலைவனின் குதிரை உளுந்துச் சக்கை தின்று வளர்ந்தது, நடையும் தளர்ந்தது. ஆனால் அது கடலைக் கிழிக்கும் கப்பலைப்போல் எதிரிப் படையைப் பிளந்துகொண்டு போகிறது. நெய் கலந்த கவளம் தின்ற பெரிய அரசனின் குதிரைகளோ ஒதுங்கி நிற்கின்றன. நெய்ச் சோறு போட்டு வளர்த்த பாண்டியர் குதிரைகள் என்ன ஆயின என்று மேலே பார்த்தோம்.

இப்போது கணக்குப் போடுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25 முதல் 30 ஆண்டு வாழும். 65 வயதுக்காரர் 3 வயதுக் குதிரையை வாங்கினால், அது 25 வயதாகும்போது இவருக்கு 87. பெரும்பாலும் குதிரைதான் மிஞ்சும். நாய் வாங்குகிறவர் நாயின் மரணத்துக்குத் தயாராக வேண்டும். குதிரை வாங்கும் பெரியவர் தன்னுடைய மரணத்துக்குப் பிறகு அது எங்கே நிற்கும் என்பதற்குத் தயாராக வேண்டும். ஒரு குதிரைக்குத் தினம் கொள்ளும் புல்லும் வேண்டும், மாதம் ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை லாடம் பார்க்க வேண்டும். எஜமானர் போய்விட்டார் என்று அது பட்டினி கிடக்க முடியாது.

சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களை நாம் எத்தனை முறை பார்த்திருப்போம். முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகள், மேலே வீரர்கள். வருகிறவர்கள் எல்லோரும் மேலே இருப்பவரைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த முறை போனால் தூக்கிய கால்களுக்குக் கீழே பாருங்கள். அங்கே காலாட்கள் நிற்கிறார்கள். ஒரு குதிரை பாய்வதற்கு அத்தனை பேர் கீழே வேண்டியிருக்கிறது என்பதைச் சிற்பி விடாமல் செதுக்கியிருக்கிறான்.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் இன்றும் குதிரைச் சந்தை கூடுகிறது. மார்வாரி, கத்தியவாரி, நாட்டு மட்டம் என்று எல்லாம் வரும். வசதியும் ஆசையும் உள்ள பெரியவர்கள் யாராவது போனால், குளம்பைப் பாருங்கள், பல்லைப் பாருங்கள், நடக்க விட்டுப் பாருங்கள். உங்களுக்காக என்றால் பத்து வயது தாண்டிய, சந்தடி பழகிய குதிரையாகப் பாருங்கள். இளங்குதிரைதான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், தனியாகப் போகாதீர்கள். பேரனையோ பேத்தியையோ கூட்டிக்கொண்டு போங்கள். பேரம் முடிந்து கயிறு மாறும் நேரத்தில் நீங்கள் கையை நீட்ட வேண்டாம். அவர்களை நீட்டச் சொல்லுங்கள்.